நிரை பிரிப்பவர் யார்? தென் கெடாவில் வேலையும் அதிர்ஷ்டமும்

கெடாவில் நாலு நம்பர் குலுக்கல் சீட்டு விற்கும் நம்பர் கடைகள் 2023இல் மூடப்பட்டன. மாநில அரசு அவற்றின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. பண்டார் பாரு மாவட்டத்தில் இருப்பவர் நாலு நம்பர் எடுத்தே தீரவேண்டும் என்றால் கிரியான் ஆற்றைத் தாண்டிப் பேராக் பக்கம் பாரிட் புந்தாருக்குப் போகலாம். மாநில எல்லை அவ்வளவு பக்கம். விளையாட்டின் கணக்கு மட்டும் ஆற்றின் இரு கரையிலும் ஒன்றுதான். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. ஒரு ரிங்கிட் கட்டினால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, அடுத்த பத்து எண்களுக்கு 180 வீதம், இன்னொரு பத்துக்கு 60 வீதம். கூட்டிப் பார்த்தால் 6,400. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினாலும் 10,000 ரிங்கிட்டைக் கொட்டி 6,400 ரிங்கிட்டை அள்ளுவார். கனவில் பாம்பு வந்தாலும், விபத்துக்குள்ளான காரின் எண் கண்ணில் பட்டாலும், ஒரு ரிங்கிட்டுக்குத் திரும்பி வரும் 64 காசு 65 காசு ஆகாது. இந்த வகை அதிர்ஷ்டத்தை எவராலும் உருவாக்க முடியாது. வேலை விஷயத்தில் நாம் பேசும் அதிர்ஷ்டம் வேறு வகை. அதில் எத்தனை முறை முயல்கிறோம், எங்கே நிற்கிறோம், கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது என்பதைப் பொறுத்து வாய்ப்பின் விகிதமே மாறும். ஆகவே ‘நம் அதிர்ஷ்டத்தை நாமே உருவாக்க முடியுமா’ என்ற கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

பதில் என்னவோ பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது. பள்ளி மண்டபத்திலும் கோயில் மண்டபத்திலும் தன்முனைப்புப் பேச்சாளர்கள், உழைப்பவனைத் தேடி அதிர்ஷ்டம் வரும், எல்லாம் உன் கையில் என்கிறார்கள். ஊழையும் வென்றுவிடலாம் என்னும் 620ஆம் குறள் அந்த மேடைகளில் தவறாமல் வரும். ஊழைவிட வலியது எது என்று கேட்கும் 380ஆம் குறளுக்கு நேரம் இருப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில், எல்லாம் தலையெழுத்து என்றோ, எல்லாம் அரசாங்கத்தின் சதி என்றோ கைகழுவும் பேச்சு. செர்டாங், காராங்கான், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று நீளும் தென் கெடாத் தோட்டப்புறத்தின் நூறாண்டு வரலாற்றை வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை. வேலையில் அதிர்ஷ்டத்தை உருவாக்க முடியும் என்பதற்கு அங்கே ஆதாரம் இருக்கிறது. அதை உருவாக்கியவை பெரும்பாலும் தனி ஒருவரின் கைகள் அல்ல என்பதற்கும் அங்கேயே ஆதாரம் இருக்கிறது. தனி ஆளின் பங்கு உண்மையானது, ஆனால் கடைசிப் பங்கு; அதற்கு முன் பலர் பல வேலைகளைச் செய்து முடித்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

தோட்டத்தில் அதிர்ஷ்டம் கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருந்தது. அதற்கு நிரை என்று பெயர். பால்மரம் வெட்டுபவருக்கு ஒதுக்கப்படும் சுமார் ஐந்நூறு மரங்களின் வரிசை அது. இருட்டோடு பெரட்டுக்குப் போய் நின்று, பெயர் கூப்பிட்ட பிறகு மேற்பார்வையாளரான தண்டல் காட்டிய இடத்துக்குப் போக வேண்டும். சமதரையில் இளமரங்கள் உள்ள நிரை கிடைத்தவர் வெயில் ஏறுவதற்குள் வாளியை நிறைத்துவிடுவார். மேட்டுக்காட்டில் பட்டை தடித்த கிழமரங்கள் கிடைத்தவர் அதே கத்தியோடும் அதே கைத்திறனோடும் ஏறி இறங்கிப் பாதி வாளிதான் கொண்டுவருவார். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்துவிடும், அன்று வெட்டு கிடையாது. பாலை நிறுத்து, அதில் ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் கணக்கு எழுதப்படும். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் மழை, மரத்தின் வயது, தண்டலின் தயவு ஆகிய மூன்றிலும் தொங்கியது. இவற்றில் மழை ஒன்றுதான் இயற்கை. மற்ற இரண்டும் மனிதர் பிரித்துக் கொடுத்தவை. தண்டலுக்கு மேலே எழுத்தரான கிராணி, கிராணிக்கு மேலே நிர்வாகியான துரை என்று போகும் அந்த ஏணியில் நல்ல நிரை யாருக்கு என்பது யாரோ ஒருவரின் முடிவு. அந்த முடிவை வாங்கிக்கொள்பவர் அதை ‘என் நேரம்’ என்று சொன்னார். அதிர்ஷ்டம் என்று நாம் பெயர் வைத்திருப்பவற்றில் எவ்வளவு இப்படி வேறொருவர் எடுத்த முடிவு என்ற கேள்வி, தோட்டம் போய் ஃபேக்டரி வந்த பிறகும் அப்படியே இருக்கிறது.

அந்த ஏணிக்கும் மேலே, யாரும் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் பெரிய குலுக்கல்கள் நடந்தன. 1909இல் சயாமிடமிருந்து கெடா பிரிட்டிஷார் வசம் வந்தது. மோட்டார் கார் பெருகப் பெருக ரப்பர் விலை ஏறிய காலம் அது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணி அழைத்துவந்த ஆட்கள் இந்த மரங்களின் கீழ் வந்து நின்றார்கள். 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது மலாயாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். 1950இல் கொரியப் போர் மூண்டதும் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. அடுத்து வந்தது 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம்: குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்த இருவரில் குடியுரிமைக்குரிய நீல அடையாள அட்டை வைத்திருந்தவர் அப்படியே இருந்தார். சிவப்பு அட்டைக்காரர் பலர் மூட்டை கட்டினார்கள். குடியுரிமைப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு கிராணிக்கோ வாத்தியாருக்கோ அன்று பொறுமை இருந்ததா என்பதுதான் பல குடும்பங்களில் வித்தியாசமாக இருந்தது. உலகளவில் வருமான ஏற்றத்தாழ்வை அளந்த பொருளியலாளர் பிராங்கோ மிலனோவிச், மனிதருக்கு மனிதர் வருமானம் வேறுபடுவதில் பாதிக்கு மேற்பட்ட பங்கை எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதே விளக்கிவிடுகிறது என்று காட்டினார். தோட்டத்து வரலாறு அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறது: எந்த நாட்டில் இருக்கிறார் என்பது பிறப்பு மட்டும் தீர்மானித்த விஷயமல்ல, ஓர் அட்டையின் நிறமும் தீர்மானித்தது.

இவ்வளவும் கைக்கு எட்டாதவை. எட்டும் பகுதி எது என்று பார்த்தால், அதைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனுடையது. தங்களை அதிர்ஷ்டசாலிகள் என்றும் துரதிர்ஷ்டசாலிகள் என்றும் நம்பிய இரு கூட்டத்தாரிடம் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, அதில் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னார். இரண்டாம் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், எண்ணுவதை நிறுத்துங்கள், மொத்தம் 43 படங்கள் என்று அச்சிட்டிருந்தது. அதிர்ஷ்டசாலிகள் கவனித்தார்கள்; மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் எண்ணிக்கொண்டே போனார்கள். பதற்றம் பார்வையைக் குறுக்கிவிடுகிறது என்பது வைஸ்மன் சொன்ன காரணம். அமெரிக்காவில் ஜான் க்ரம்போல்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 1999இல் இதற்கு நெருங்கிய ஒரு கருத்தைத் தொழில் வழிகாட்டலுக்குக் கொண்டுவந்தார்கள்: தொழில் வாழ்க்கை திட்டப்படி நடப்பதில்லை, தற்செயல்களைத் தற்செயலாக விடாமல் அவற்றை எதிர்பார்த்து நடக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள் என்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது? செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013இல் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டிலேயே, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்தது. அதே ஆள், அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களில் சிந்தனைத் தேர்வுகளில் தடுமாறினார். அறுவடைப் பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடந்த ஒரு சோதனை இப்படியொரு வேறுபாட்டைக் காணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், விவாதம் முடியவில்லை. இருந்தாலும் மாதக் கடைசியில் வாடகைக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் நடுவே நிற்பவரிடம் ‘அக்கம்பக்கம் நிமிர்ந்து பார், வாய்ப்பு தெரியும்’ என்று சொல்வது எவ்வளவு தூரம் போகும் என்பதை யோசிக்க இது போதும்.

மனப்பான்மையைவிட உறுதியான ஆதாரம் தொடர்புகள் பற்றியது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் எப்படி வேலை கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்தவர் வழியாகக் கிடைத்திருந்தது. ஆச்சரியம் அதுவல்ல. அந்தத் ‘தெரிந்தவர்’ பெரும்பாலும் நெருங்கிய நண்பரோ உறவினரோ அல்ல. எப்போதாவது பார்ப்பவர், பழைய இடத்தில் கூட வேலை பார்த்தவர், பெயர் மட்டும் ஞாபகத்தில் இருப்பவர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்து ஆளிடம்தான் இருக்கும். லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வும் மிதமான தொலைவில் உள்ள தொடர்புகளே வேலை மாற அதிகம் உதவுகின்றன என்று உறுதிசெய்தது. இதைத் தோட்டத்து லயத்தோடு வைத்துப் பாருங்கள். ஒட்டிய வீடுகள், ஒரே பெரட்டு, ஒரே கடை, ஒரே கோயில், பிள்ளைகளுக்கு ஒரே பள்ளி. உறவு இதைவிட நெருக்கமாக இருக்க முடியாது. ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் ஐம்பது வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆனால் வேலைச் செய்தி என்ற ஒன்றை எடுத்துக்கொண்டால் ஐம்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே செய்திதான்: தண்டல் என்ன சொன்னார். தோட்டத்து ஆள் முயற்சி இல்லாதவர் என்று வெளியிலிருந்து சொல்லப்பட்ட பழியில் பாதிக்கு இதுவே விளக்கம். தகவல் வந்து சேராத இடத்தில் முயற்சி எதைப் பிடித்து ஏறும்?

அந்த மூடிய வட்டத்தை உடைத்தது பஸ். 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் போன்ற மின்னணு நிறுவனங்கள் வந்தன. பிராயிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆள் தேவைப்பட்ட நிறுவனங்கள் ஃபேக்டரி பஸ்களைப் பெருநிலத்துக் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் அனுப்பின. அதில் அதிகமாக ஏறியவர்கள் இளம்பெண்கள். அம்மா தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பால் வெட்டப் போன குடும்பத்தில், மகள் மூன்று ஷிஃப்டில் ஒன்றுக்குக் கிளம்பிப் போனாள். சம்பளத்தைவிட முக்கியமாக அவளுக்குக் கிடைத்தது வேறு. பக்கத்து இருக்கையில் வேறு தோட்டத்துப் பெண், எதிர் மேசையில் மலாய்ப் பெண், மேற்பார்வையில் சீனர். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே ஓவர்டைம் அதிகம், எந்த வேலைக்குப் படிவம் ஐந்துத் தேர்வான எஸ்.பி.எம். கேட்கிறார்கள் என்ற செய்தியெல்லாம் லயத்துக்குள் முதன்முறையாக வந்தது. கிரானோவெட்டர் சொன்ன தூரத்துத் தொடர்புகளைப் பண்பாகவோ மனப்பான்மையாகவோ யாரும் அந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு வாகனம் வாசலுக்கு வந்து நின்றது, அவ்வளவுதான். ஏறுவதற்குத் துணிவு வேண்டியிருந்தது, வீட்டில் சண்டை போட வேண்டியிருந்தது, ஊரில் பேச்சு வாங்க வேண்டியிருந்தது. தனி ஆளின் பங்கு என்று சொன்னது இதைத்தான். பஸ் வராத தோட்டத்தில் அதே துணிவு என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பிறகு தொழிற்சாலையே இங்கே வந்துவிட்டது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. 2006இல் ஜெர்மனியின் இன்ஃபினியன் அங்கே உற்பத்தி தொடங்கியது. 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கான பெரிய ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்து 900 வேலைகளை அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் ஆலை திறப்பு கண்டது. செர்டாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் உலகச் சந்தையின் முன்னணித் தொழில் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைவிட அதிர்ஷ்டம் ஒரு சிற்றூருக்கு வேறு என்ன வர வேண்டும்? ஆனால் பக்கத்தில் இருப்பது வேறு, உள்ளே போவது வேறு. ஆபரேட்டராக நுழைபவருக்கும் டெக்னீஷியனாக நுழைபவருக்கும் பத்தாண்டு கழித்து இருக்கும் இடைவெளி, நுழையும் நாளன்றே கையில் உள்ள டிப்ளோமாவில் எழுதியிருக்கிறது. டிப்ளோமா படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் கூலிமில் அந்தப் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. அதற்குள் போக எஸ்.பி.எம். வேண்டும், எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் வர மலாய்மொழியில் தேற வேண்டும், அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து புகுமுக வகுப்புக்கும் படிவம் ஒன்றுக்கும் போகும் அந்த ஓரிரண்டு ஆண்டுகளில் பிள்ளை பள்ளியை விட்டு நழுவாமல் இருக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து பெரிய இடைநிலைப்பள்ளிக்குப் போய் மொழி புரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பதினான்கு வயதில் லோரி அட்டெண்டன்ட்டாகப் போன பையனின் ‘துரதிர்ஷ்டம்’ ஆலை திறப்பு விழாவன்று வந்ததல்ல. பத்து வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது.

கூட்டாக அதிர்ஷ்டம் உருவாக்கிய இன்னொரு கதை லூனாஸ் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அழைக்கப்பட்ட அந்த அலையில் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின, ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து ரிங்கிட்டாகக் கட்டி நூறு ரிங்கிட் பங்கு வாங்கும்படி தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். நாள்கூலி சில ரிங்கிட்டாக இருந்த காலத்தில் பத்து ரிங்கிட் லேசான தொகை அல்ல. சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். தோட்டம் கைமாறினால் தெருவுக்கு வருவோம் என்ற ஆபத்து அந்த உறுப்பினர்களுக்கு அதோடு நீங்கியது. கூட்டுறவு எல்லாரையும் கரையேற்றிவிடவில்லை. பங்குதாரராகிய பிறகும் தொழிலாளி காலையில் வெட்டுக்குத்தான் போனார் என்ற விமர்சனம் சரியானதே. ஆனாலும் தலைக்கு மேல் கூரை போகாது என்று ஆனவர் பிள்ளையைப் படிவம் ஐந்து வரை விட்டுவைக்கலாம், மகளைப் பஸ்ஸில் ஏற்றலாம், பிழைத்தால் பார்ப்போம் என்று ஒரு முயற்சியில் இறங்கலாம். துணிந்து இறங்குபவருக்கே வாய்ப்பு என்கிறார்கள். விழுந்தால் தாங்க ஏதாவது இருப்பவர்தான் துணிகிறார் என்பது அதே வாக்கியத்தின் முதல் பாதி.

இதற்கு எதிராக முதலில் சொல்லப்படுவது: இதே லயத்திலிருந்து டாக்டரும் வழக்கறிஞரும் தொழிலதிபரும் வந்திருக்கிறார்களே, அவர்களுக்கு எந்தப் பஸ் வந்தது? வந்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வந்தவர்களை மட்டும் மேடையில் ஏற்றி அவர்கள் செய்ததைப் பட்டியலிட்டால், அதையே செய்தும் வராதவர்கள் கணக்கில் விடுபட்டுப் போவார்கள். 2006இல் மேத்யூ சல்கானிக்கும் மேலும் இருவரும் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு உதவும். பிரபலமாகாத 48 பாடல்களை 14,000க்கு மேற்பட்டவர்களிடம் தனித்தனி உலகங்களாகப் பிரித்துக் கேட்கவைத்தார்கள். மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பது அந்தந்த உலகத்துக்குள் மட்டும் தெரியும். மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது; நடுவில் இருந்தவை ஓர் உலகத்தில் மேலேயும் இன்னோர் உலகத்தில் கீழேயும் இருந்தன. பெரும்பாலான மனிதர்கள் அந்த நடுவில் இருப்பவர்கள்தாம். துணிந்து இறங்கியும் நாசமானவர்களின் கதையும் நம்மிடம் இருக்கிறது. பஹாங்கின் செலாஞ்சார் அம்பாட் நிலத்திட்டத்தில் நல்ல பிழைப்பு என்று நம்பிக் கிளம்பி, கொத்தடிமைகளாகச் சிக்கிய தோட்டத்துத் தமிழர்களைப் பற்றிக் கெடா எழுத்தாளர் கோ. புண்ணியவான் ஒரு நாவலே எழுதியிருக்கிறார். அவர்களும் வாய்ப்பை எட்டிப் பிடித்தவர்கள்தாம்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கடுமையானது: இந்த நாட்டில் பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார்கள், இதில் அதிர்ஷ்டத்தை யார் உருவாக்கினால் என்ன? இதற்கும் ஆதாரம் உண்டு. லீ ஹ்வோக் ஆனும் முகம்மது அப்துல் காலிட்டும் கற்பனையான விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிச் செய்த ஆய்வில், சீனப் பெயர்களுக்கு 22.1 விழுக்காடும் மலாய்ப் பெயர்களுக்கு 4.1 விழுக்காடும் நேர்காணல் அழைப்பு வந்தது. அந்த ஆய்வில் இந்தியப் பெயர்கள் இல்லை. ஆகவே நம் பெயருக்கான விழுக்காட்டை அதிலிருந்து ஊகித்துச் சொல்லக் கூடாது. அரசு வேலையிலும் உயர்கல்வி இடங்களிலும் புகார் வேறு திசையில் போகிறது, அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பாகுபாடு விகிதத்தைக் குறைக்கிறது, பூஜ்யமாக்குவதில்லை. இருபத்தைந்தில் ஒன்று என்றால் ஐந்து விண்ணப்பத்தோடு நிறுத்துபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்பார், ஐம்பது அனுப்புபவருக்கு ஓரிரண்டு அழைப்பு வரும். ஒருவருக்கு ஐந்தில் கிடைப்பதை இன்னொருவர் இருபத்தைந்தில் வாங்குவது அநியாயம்; அநியாயம் என்று சொல்லிப் போராடுவதும் ஐம்பது அனுப்புவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. நேரம் கெட்ட காலத்தில் வேலைக்கு வந்தவர்களைப் பற்றியும் இதே மாதிரி ஒரு முடிவு இருக்கிறது. மந்த காலத்தில் பட்டம் பெற்ற கனடா நாட்டவரை ஆராய்ந்தபோது, தொடக்கத்தில் சுமார் 9 விழுக்காடு சம்பளம் குறைந்தது, பள்ளம் நிரம்பப் பத்தாண்டு ஆனது. அதை நிரப்பியவர்கள் ஒரு நிறுவனத்திலிருந்து அடுத்த நல்ல நிறுவனத்துக்கு நகர்ந்தவர்கள். கிடைத்த முதல் வேலையிலேயே உட்கார்ந்துவிடாமல் நகர்வது தனி ஆள் செய்யக்கூடிய காரியம், அதன் பலன் அளக்கப்பட்டும் இருக்கிறது.

இப்படிச் சூழலையே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது பெரியவர்களின் பயம். வரலாறு அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. 1947இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படையாகத் திரண்டவர்கள், தங்கள் நிலைமைக்குத் தலையெழுத்து காரணமல்ல, கள்ளுக்கடையும் கூலிமுறையும் காரணம் என்று கண்டவர்கள், கண்டதால்தான் எழுந்தார்கள். 1982இல் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், படிக்காத பிள்ளையைத் திட்டுவதற்குப் பதிலாகப் பல்கலைக்கழக மாணவர்களைத் திரட்டி நாடெங்கும் வகுப்பு நடத்தியது. தடையின் பெயர் தெரிந்தால்தான் அதைத் தள்ள ஆள் கூடும்.

கடைசியாக ‘கேபிள்’. தெரிந்தவர் வழியாக வேலை என்றாலே நம் நாட்டில் மூக்கைச் சுளிக்கிறோம், காரணம் இருக்கிறது. தகுதியில்லாதவரைப் பின்கதவால் நுழைப்பதற்கே அந்தப் பெயர் பழகிவிட்டது. ஆனால் எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்வதற்கும், நேர்காணலில் முடிவை மாற்றுவதற்கும் இடையே தெளிவான கோடு உண்டு. முதலாவது செய்தி, இரண்டாவது ஊழல். கேபிள் என்ற அருவருப்பில் முதலாவதையும் சேர்த்து விட்டுக்கொடுப்பது வசதியானவர்களுக்கு நட்டமில்லை, அவர்களுக்குச் செய்தி சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கும். தோட்டத்துக்காரர்களுக்கோ தூரத்துத் தொடர்புகள் இப்போது முன்பைவிட அதிகம், அதுவும் ஒரு விநோதமான வழியில். தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறி மக்கள் சுங்கை பட்டாணி, பிராய், ஜோகூர், சிங்கப்பூர் என்று சிதறிப் போனார்கள். ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திரும்பி வருகிறார்கள். நன்கொடைப் பட்டியலில் டெக்னீஷியன், நர்ஸ், கணக்காளர், லோரி முதலாளி எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் பார்ப்பவர்கள், கிரானோவெட்டர் தேடிய அதே வகை ஆட்கள். கோயில் நிர்வாகம் நன்கொடைத் தொகையை ஒலிபெருக்கியில் வாசிக்கிறது. எந்த ஆலையில் எந்தப் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதை அதே ஒலிபெருக்கியில் வாசிக்கக் கூடுதலாக ஒரு காசும் செலவாகாது. படிவம் மூன்றில் இருக்கும் பிள்ளை அங்கே பந்தியில் உட்கார்ந்திருப்பான். படிவம் ஐந்து முடித்த பிறகு கேட்பதைவிட அப்போது கேட்பது அவனுக்கு இரண்டு வருட முன்னிலை.